ஐடாவின் கணக்கு

அன்பு மகள் கயலுக்கு,

அமெரிக்கக் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்றாய். தயவுசெய்து "வீரப் பெண்மணி" என்று ஆரம்பிக்காதே. எல்லோரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். அவர் எப்படி வேலை செய்தார் என்பதைப் பிடித்துக்கொள்.

பிறப்பு வளர்ப்பை நாலு வரியில் முடித்துவிடு. 1862, மிசிசிப்பியின் ஹாலி ஸ்பிரிங்ஸ், அடிமைக் குடும்பம். 1878 மஞ்சள் காய்ச்சலில் தாய் தந்தை இருவரும் போக, பதினாறு வயதில் டீச்சர் வேலைக்குப் போய்த் தம்பி தங்கைகளைக் காப்பாற்றினார். ரயிலில் பெண்கள் பெட்டியிலிருந்து இழுத்து இறக்கியதற்கு வழக்குப் போட்டு 500 டாலர் வென்றார். 1887-இல் டென்னசி உச்ச நீதிமன்றம் அதையும் பறித்தது.

காசு விஷயத்தை விட்டுவிடாதே. 1889-இல் மெம்பிஸின் ஃப்ரீ ஸ்பீச் பத்திரிகையில் மூன்றில் ஒரு பங்கு வாங்கித்தான் ஆசிரியர் ஆனார். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் இருந்த லட்சணத்தை அதில் எழுத, 1891-இல் டீச்சர் வேலை போனது. பிறகு ஊர் ஊராகப் போய்ச் சந்தா பிடித்தார். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள் ஃப்ரீ ஸ்பீச் கேட்டால் விற்கிற பையன்கள் வேறு பத்திரிகையைத் தலையில் கட்டினார்கள். அதனால் இளஞ்சிவப்புத் தாளில் அச்சடித்தார். நிறத்தைப் பார்த்தே கேட்டு வாங்கலாம். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்த யோசனை இது.

இனி 1892. மார்ச் 9 அன்று மளிகைக் கடை நடத்திய தாமஸ் மாஸையும் கூட இருந்த இருவரையும் வெள்ளைக்காரக் கும்பல் சிறையிலிருந்து இழுத்துப் போய்ச் சுட்டுக் கொன்றது. மாஸ் ஐடாவின் நண்பர். அவர் கடையால் எதிரே இருந்த வெள்ளைக்காரக் கடைக்கு வியாபாரம் குறைந்திருந்தது. இப்படிக் கொல்லும்போது வழக்கமாகச் சொல்லும், வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்தான் என்ற குற்றச்சாட்டின் பேச்சே அங்கே இல்லை. அதுவரை, "கும்பல் செய்வது தப்புதான், ஆனாலும் செத்தவன் ஏதோ செய்திருப்பான்" என்று ஐடாவும் ஓரளவு நம்பியிருந்தார். மற்றக் கொலைகளுக்குச் சொன்ன காரணங்களும் இப்படித்தானா என்று தேட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். மே 21 தலையங்கத்தில், பலாத்காரக் கதையை இனி யாரும் நம்பமாட்டார்கள் என்று எழுதினார். 27-ஆம் தேதி அலுவலகத்தை நொறுக்கினார்கள். ஐடா வெளியூரில் இருந்ததால் தப்பினார். நியூயார்க் ஏஜ் பத்திரிகை, அவருடைய சந்தாதாரர் பட்டியலுக்கு ஈடாக நான்கில் ஒரு பங்கு கொடுத்தது. அச்சகம் போனாலும் பட்டியல் முதலாக நின்றது, பார்த்தாயா?

கட்டுரையின் நடுப்பாகம் கணக்குக்கு. 1892-இல் வந்த சதர்ன் ஹாரர்ஸ், 1895-இல் வந்த எ ரெட் ரெக்கார்ட் என்ற அவருடைய இரண்டு சிறு நூல்களுக்கும் அவர் எடுத்தது, வெள்ளையர்கள் நடத்திய சிகாகோ டிரிப்யூன் பத்திரிகை ஆண்டுதோறும் போட்ட கும்பல் கொலைப் பட்டியலை. சொந்த எண்ணிக்கை போட்டிருந்தால் "கறுப்பினப் பத்திரிகை மிகைப்படுத்துகிறது" என்று ஒரு வரியில் தள்ளியிருப்பார்கள். வெள்ளையர் பத்திரிகையே போட்ட பட்டியலை மறுக்க வழியில்லை.

அந்தப் பெயர்களைக் குற்றச்சாட்டு வாரியாகப் பிரித்தார். மேலே குற்றம், கீழே தேதி, பெயர், ஊர். 1893 பட்டியலில் கொலை, பலாத்காரம் என்று போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று "வெள்ளையரை அவமதித்தது" என்று ஒரு தலைப்பு, "குற்றம் எதுவும் இல்லை" என்று இன்னொன்று. கிணற்றில் விஷம் கலந்ததாகச் சொல்லி ஜாக்சன் ஊரில் செப்டம்பர் 15 என்ற ஒரே தேதியில் வரிசையாகப் பெயர்கள், அதில் பெண்களும். சதர்ன் ஹாரர்ஸ் கணக்குப்படி, எட்டு ஆண்டுகளில் கொல்லப்பட்ட 728 பேரில் மூன்றில் ஒரு பங்கினர் மீதுதான் பலாத்காரக் குற்றச்சாட்டே இருந்தது. 1894-இல் நாடு முழுக்கச் சட்டப்படி தூக்கிலிட்டது 132 பேரை, கும்பல்கள் கொன்றது 197 பேரை.

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அந்த மூன்றில் ஒரு பங்கு குற்றம் செய்தவர்கள் இல்லை, குற்றம் சாட்டப்பட்டவர்கள். ஐடா இதைத் தனியாகச் சொல்லிவைத்தார், நீயும் சொல். அடுத்தது, பத்திரிகைக்கு எட்டாத சாவு எந்தப் பட்டியலிலும் வராது. அதனால் இதை மொத்தக் கணக்கு என்று எழுதாதே.

அட்டவணையோடு அவர் நிற்கவும் இல்லை. மிசிசிப்பியில் ஷெரிஃபின் எட்டு வயது மகளைக் கெடுத்தான் என்று ஒருவனைக் கொன்ற செய்தி தந்தியில் போனது. விசாரித்தால் பெண்ணுக்குப் பதினெட்டு வயது, அவளே அவன் அறையில் இருந்ததைத் தகப்பன் கண்டிருக்கிறான். வயது என்ற ஒரு விவரத்தைத் தட்டிப் பார்த்ததும் செய்தியே விழுந்துவிட்டது.

ஐம்பத்தேழு வயதிலும் அதே வேலைதான். 1919-இல் ஆர்கன்சாவின் எலெய்னில் பருத்திக்கு நியாய விலை கேட்டுச் சங்கம் சேர்த்த குத்தகை விவசாயிகளில் பன்னிரண்டு பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். கைதிகளின் மனைவிமாரோடு சேர்ந்து உறவுக்காரி போலச் சிறைக்குள்ளே போனார் ஐடா. அடிபட்ட கதையோடு, யாருக்கு எத்தனை ஏக்கர், எத்தனை பேல் பருத்தி, அது யார் கைக்குப் போனது என்றும் கேட்டு எழுதிக்கொண்டார். 1925-க்குள் பன்னிரண்டு பேரும் வெளியே வந்தார்கள். வழக்கை நடத்தியவர்கள் வேறு பலர். முழுப் பெருமையையும் ஐடாவுக்கே எழுதிவிடாதே.

1931-இல் சிகாகோவில் காலமானார். பத்திரிகைத் துறையின் பெரிய விருதான புலிட்சரின் சிறப்பு விருது 2020-இல்தான் வந்தது. அது கடைசியில் ஒரு வரி போதும்.

எ ரெட் ரெக்கார்ட் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எழுத உட்காருவதற்கு முன் 1893 பட்டியலைத் தலைப்பு தலைப்பாக நீயே ஒரு தடவை கூட்டிப் பார். என்ன வந்தது என்று எனக்கும் எழுது.

அன்புடன்,
அப்பா