சின்னண்ணனுக்கு, கஜா நாளன்னைக்கு

அண்ணே,

இன்னைக்கு நவம்பர் 16. 2018-ல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறுன அந்த ராத்திரி நம்ம பேராவூரணி என்ன ஆச்சுன்னு உனக்குச் சொல்ல வேண்டியதில்ல, தென்னந்தோப்பு போனதும் தெரியும், சிங்கப்பூர்ல நீ லைன் கிடைக்காம தவிச்சதும் தெரியும். நீ பாக்காத ஒன்ன மட்டும் எழுதுறேன்.

கரன்ட் இல்ல, மோட்டார் ஓடல, தெருவே காசு போட்டு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துதான் டேங்க்ல தண்ணி ஏத்துனோம். கோயில் வாசல்ல ஒரே அடுப்பு, அரிசி இருக்கறவங்க அரிசி கொண்டாந்தாங்க, தேங்காய்க்கு மட்டும் பஞ்சமே இல்ல. அப்பா திண்ணைய விட்டு எறங்கல. கஞ்சி கொடுத்தா குடிப்பாரு, பேச்சு கிடையாது. அப்பதான் வெளி மாவட்டத்துலேருந்து ஈபி ஆளுங்க வந்தாங்க. வயல்ல முழங்கால் சேறு, லாரி எறங்காது, கம்பத்த தோள்ல வச்சுதான் தூக்கணும், ஆள் பத்தலன்னு சத்தம் போட்டாங்க. அப்பா துண்ட உதறி தலைப்பா கட்டிக்கிட்டு எறங்குனாரு அண்ணே. சிமென்ட் கம்பம், தோள் உரிஞ்சு பனியன் ஒட்டிக்கிச்சு, ஆனா "தூக்கு, தூக்கு"ன்னு அவரு குரல்தான் பெருசா கேட்டுச்சு. அவருக்கு முன்னால தோள் கொடுத்தது யாருன்னு உனக்கே புரியும், பேரு வேண்டாம், ஊர்ல நாலு பேரு இத படிப்பாங்க. அந்த வரப்புத் தகராறுக்கு அப்புறம் ரெண்டு பேரும் பேசிக்கிட்டது அன்னைக்குதான்.

அதப் பாத்தவளுக்கு தோப்ப விக்க மனசு வரல. மன்னிச்சுக்க, உன்ன கேக்காமதான் 2019-ல கன்னு வச்சேன், கேட்டிருந்தா நீ விட்டிருப்பியா? விழுந்த மரத்த அறுத்து அப்புறப்படுத்தவே நிவாரணக் காசு பத்தல. நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும், அதுவரைக்கும் ஊடால வாழை, உளுந்துன்னு போட்டுத்தான் ஓட்டுனோம். நீ பணம் அனுப்புன, இல்லேங்கல. நீ அனுப்பலேன்னா அம்மா மருந்துக்கே திண்டாடியிருப்போம். ஆனா பணம் அனுப்புறவங்களுக்குத்தான் பேச உரிமைன்னு ஃபேமிலி குரூப்ல வந்துச்சே, அதுக்கு நீ ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லல அண்ணே. இதுக்கு மேல இங்க வேண்டாம்.

இப்ப பாளை வெடிச்சு குரும்பை பிடிச்சிருக்கு. தெருவுல பாதிப்பேரு சேந்து ஒரே வண்டில காய் ஏத்தலாம்னு பேசியிருக்கோம், வெல கேக்கவாவது ஒரு பலம் வேணும்ல.

என் பங்க நான் விக்கப் போறதில்ல. உன் பங்கு உன் இஷ்டம், வெளியாளுக்குக் கொடுக்குறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேளு, தவணையா கட்டிர்றேன். பொங்கலுக்கு லீவு சொல்லி வை. கடன் கணக்க வாட்ஸப்ல தனியா அனுப்புறேன், அண்ணியும் பாக்கட்டும்.

உன் தங்கச்சி