பொருள்: பின்சக்கர ஆக்சில் நட்டு தளர்வது, மோட்டார் ஒயர் அறுந்தது, வாரண்டி மறுப்பு

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன், மெயில், வாட்ஸ்அப் எல்லாம் செய்து ஓய்ந்துபோய் எழுதுகிறேன். என் எலெக்ட்ரிக் சைக்கிளில் பின்சக்கர நட்டு மறுபடியும் தளர்ந்து, மோட்டார் ஒயர் முறுக்கி அறுந்து, வண்டி திண்ணையில் கிடக்கிறது.

உங்கள் வண்டி, உங்களுக்குத் தெரியாததா? மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருப்பதால், நட்டு லூசானால் சக்கரத்துக்குப் பதில் ஆக்சிலே சுற்றும், ஒயரையும் இழுத்துக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் நாக்கு வைத்த வாஷர். என் வண்டியில் அது ஒரு பக்கம்தான் இருக்கிறது. டெலிவரி அன்று எடுத்த படத்திலும் அப்படித்தான்.

"வீட்டிலேயே டைட் பண்ணிக்குங்க" என்று போனில் சொன்னார் உங்கள் ஆள். சரி, எதை வைத்து? நீங்கள் கொடுத்த தகர ஸ்பேனர் முதல் முறுக்கிலேயே வாய் பிளந்துவிட்டது. கையேட்டில் 'உரிய அளவு இறுக்கவும்' என்று இருக்கிறது, அளவு இல்லை. அதைக் கேட்டதற்கு, "ஒரு நட்டு முறுக்கத் தெரியாதவங்க எதுக்கு மேடம் வண்டி வாங்குறீங்க?" என்றார் அதே ஆள். பக்கத்தில் யாரோ சிரித்ததும் கேட்டது. அழைப்புகளைப் பதிவு செய்கிறீர்களாமே, எடுத்துக் கேளுங்கள்.

பாலிடெக்னிக் படிக்கும் என் அண்ணன் மகன் சொல்லிவிட்டான். இந்த மாதிரி ஆக்சிலுக்கு 40 நியூட்டன் மீட்டர் பக்கம் முறுக்கு விசை வேண்டும். அதை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், 25 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் கொக்கித் தராசை மாட்டி, நேர் குறுக்காக 16 கிலோ காட்டும்வரை இழுக்க வேண்டும். இரண்டு பக்கமும் மாறி மாறி. அப்படியே செய்தோம். வாஷர் இல்லாமல் எத்தனை நாள் நிற்கும்?

உசிலம்பட்டியிலிருந்து லோடு ஆட்டோ பிடித்து மதுரை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். மாலை வரை உட்கார வைத்து, "டூல் வேற பிராஞ்சுக்குப் போயிருக்கு" என்றார்கள். அடுத்த முறை, "வெளியே கழற்றியிருக்கீங்க, வாரண்டி கிடையாது." வீட்டில் இறுக்கச் சொன்னது யார்? "எதுக்கு வாங்குறீங்க" என்று கேட்ட அதே மகராசன்தான்!

விடியற்காலையில் வீடு வீடாக இடியாப்பம் கொடுக்கிறவள் நான். என் தொழிலே படுத்துவிட்டது. லட்சம் கொடுத்தாலும் அந்த வாடிக்கை திரும்பாது.

தயவுசெய்து மோட்டார் ஒயர், இரண்டு வாஷர், ஒழுங்கான ஸ்பேனர் ஆகியவற்றுடன் ஆள் அனுப்பி, ஆட்டோ வாடகையையும் கொடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருள் பற்றிய வழக்குக்கு அங்கே கட்டணம்கூட கிடையாது, விசாரித்துவிட்டேன்.

பதில் சொல்ல அந்தப் போன் ஆளை மட்டும் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், உசிலம்பட்டி