வீட்டுத் தோட்ட விதைகளுக்கு உழவர் சந்தையில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடிப் பட்டம் நெருங்கினால் சேலத்தில் கொல்லையிலும் மாடியிலும் காய்கறி போடுகிறவர்கள் விதைக்கடைக்குத்தான் போகிறார்கள். சொந்தச் செடியில் ஒரு காயை முற்றவிட்டு விதை எடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் அருகிவருவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. எடுத்துப் பார்த்தவர்களிலும் பலர், அடுத்த பட்டத்தில் காய் வேறு மாதிரி வந்ததென்று விட்டுவிடுகிறார்கள். முதலில் வாங்கிய விதை வீரிய ஒட்டு ரகமாக, அதாவது இரண்டு வேறு தாய்வழிகளைக் கலந்து உருவாக்கிய ரகமாக, இருந்தால் அதன் பிள்ளைச் செடிகள் தாய்ச்செடியைப் போல ஒன்றுபோல் வராது. எனவே விதைப் பொட்டலங்களில் ‘வீரிய ஒட்டு’ அல்லது ‘நாட்டு ரகம்’ என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.

தக்காளியும் அவரையும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை என்பதால் புதியவர்கள் அவற்றில் தொடங்கலாம். பூசணி அப்படியல்ல, வண்டும் தேனீயும் பக்கத்துப் பந்தலின் மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். மறுநாள் மலரவிருக்கும் ஆண் மொட்டையும், அடியில் குட்டிப் பிஞ்சு உள்ள பெண் மொட்டையும் முதல்நாள் மாலையே நூலால் இலேசாகக் கட்டிவைத்து, விடியற்காலையில் ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் தடவி, மீண்டும் வாயைக் கட்டிவிட வேண்டும். காம்பில் ஒரு வண்ணத் துணியைக் கட்டினால் அந்தக் காயை யாரும் குழம்புக்குப் பறிக்கமாட்டார்கள். சுரையில் இந்தக் கவனம் இன்னும் அவசியம். பேய்ச்சுரையின் மகரந்தம் கலந்த விதையிலிருந்து வரும் கொடி கசப்புக் காய் காய்க்கக்கூடும், கசக்கும் சுரைக்காயைத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

எடுத்த விதையை நன்றாக உலர்த்திக் காற்றுப்புகாத டப்பாவில் வைத்தால் போதும். ஏற்காட்டு வீடுகளில் மழைக்காலத்தில் விதை காய்வதே பெரும்பாடு என்பதால், அங்குள்ளவர்கள் வெயில் காலத்திலேயே காயை முற்றவிடுவது நல்லது.

விதையைச் சேமிக்கவும் பகிரவும் விவசாயிகளுக்கு உள்ள உரிமையை 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் உறுதிசெய்கிறது. அந்த உரிமை வீட்டுத் தோட்டத்திலும் நடைமுறைக்கு வர, ஆனி மாதத்தில் சூரமங்கலம், அம்மாப்பேட்டை உழவர் சந்தைகளில் விதைப் பரிமாற்றத்துக்கென ஒரு மேடையை மாவட்ட நிர்வாகம் ஒதுக்க வேண்டும். எந்த ஊர், எந்தப் பட்டம், எப்படி மகரந்தம் சேர்த்தது என்பதைக் கொடுப்பவர் எழுதித் தரட்டும். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையமும் ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் அன்று ஆளனுப்பி, கைமகரந்தச் சேர்க்கையைப் பூவை வைத்தே செய்துகாட்ட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்.