உன் இரண்டாவது மேடு பற்றி

அன்புள்ள நண்பா,

கடிதமும் நீ கம்ப்யூட்டரில் வடிவமைத்த ரோலர் கோஸ்டரின் டிராக் ஃபைலும் ஒன்றாக வந்து சேர்ந்தன. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவளிடம் என் வாழ்த்தைச் சொல். என் பக்கம் விசேஷம் ஒன்றுமில்லை. முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, கண்ணாடி பவர்தான் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

சரி, உன் ரோலர் கோஸ்டருக்கு வருகிறேன். மழுப்பாமல் சொல் என்று கேட்டிருக்கிறாய். கோஸ்டரை வடிவமைத்து ஓட்டிப் பார்க்கும் நோலிமிட்ஸ் 2 மென்பொருளில் முதல் சீட், நடு சீட், கடைசி சீட் என்று மாறி மாறி உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். முதல் இறக்கம் பிரமாதம்டா. 50 மீட்டர் இறங்கினால், உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், மணிக்கு 113 கிலோமீட்டர் வேகம் வரும். அதைக் கொஞ்சமும் வீணாக்காமல் வளைத்திருக்கிறாய். அதிலும் கடைசி சீட்டில்தான் மஜா. முன்பெட்டி உச்சியைத் தாண்டும்போது வண்டி இன்னும் மேலே இழுத்துவரும் சங்கிலியின் வேகத்தில்தான் ஊர்கிறது. கடைசிப் பெட்டி உச்சிக்கு வருவதற்குள் முன்னால் போனவை சரிவில் பாய்ந்து, இதையும் வெடுக்கென்று இழுத்துவிடுகின்றன.

தகராறு இரண்டாவது மேட்டில். அங்கே உச்சியில் வேகம் நொடிக்கு 20 மீட்டர். அந்த வேகத்தில் ஆள் எடையே இல்லாமல் மிதக்க வேண்டுமென்றால் உச்சியின் வளைவுக்கு ஏறக்குறைய 41 மீட்டர் ஆரம் வேண்டும். நீ வைத்திருப்பது 20. கணக்குப் போட்டுப் பார், மைனஸ் 1 ஜி வரும் (1 ஜி என்பது தரையில் நாம் உணரும் சாதாரண எடை). ஆளைத் தலைகீழாகத் தொங்கவிட்ட மாதிரி, மொத்த எடையும் தொடைமேல் இருக்கும் பாரில் போய் முட்டும். இதற்காகவே வரிசையில் நிற்பவர்கள் உண்டு, தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் கடிதத்தில் நீ எழுதியிருப்பது 'லேசாக மிதக்கவிடும் மேடு'. இரண்டில் எது வேண்டுமென்று நீதான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்து அந்த இடப்பக்கத் திருப்பம். "பார்க்கும்போதே கழுத்து வலிக்குது" என்று உன் தம்பி சொன்னதும் நீ திருப்பத்தைத் திரும்பத் திரும்ப இழைத்துக்கொண்டிருக்கிறாய். திருப்பத்தில் குறையே இல்லை! 30 மீட்டர் ஆரம், நொடிக்கு 20 மீட்டர் வேகம் என்றால் பக்கவாட்டு விசை இல்லாமல் போக டிராக்குக்குச் சுமார் 54 டிகிரி பக்கச் சாய்வு வேண்டும். நீ வைத்திருப்பதும் கிட்டத்தட்ட அதுதான். ஜி ஃபோர்ஸ் கிராஃபைத் திறந்து பார். பக்கவாட்டுக் கோடு ஊசி மாதிரி எழும்புவது திருப்பத்துக்கு முன்னால் இருக்கும் நேர்த்துண்டில். அந்தச் சின்ன நீளத்துக்குள் மொத்தச் சாய்வையும் திணித்திருக்கிறாய். அது போதாதென்று டிராக் தண்டவாளத்தை மையமாக வைத்துச் சுழல்கிறது. அப்படிச் சுழன்றால் கால் இருக்கும் இடத்தில் இருக்கும், தலை பக்கவாட்டில் வீசப்படும். சுழலும் மையத்தை ஆளின் நெஞ்சு உயரத்துக்கு ஏற்று. தண்டவாளம் பார்க்கக் கோணல்மாணலாக வளைந்து போகும், உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஹார்ட்லைன் என்பது இதைத்தான். ஜெர்மன் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் பிரபலமாக்கிய முறை.

உன் தம்பி சொன்னது பொய்யில்லை, காட்டிய இடம்தான் தப்பு. வலி தெரிந்த இடத்தைச் சொல்லத்தான் பார்ப்பவரால் முடியும். அது எங்கே கிளம்பியது என்று இரண்டு மூன்று நொடி பின்னால் போய்த் தேடுவது நம் வேலை. அதனால் இனிமேல் யாரிடம் காட்டினாலும் "நல்லா இருக்கா?" என்று கேட்காதே, நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். எந்த சீட், எத்தனையாவது நொடி என்று கேள். மருந்தையும் அவர்களே எழுதிக்கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள், உடனே சாப்பிட்டுவிடாதே. (என் அக்கா பையன் எதைக் காட்டினாலும் இன்னும் இரண்டு லூப், அதாவது தலைகீழாகச் சுற்றிவரும் வளையம், போடச் சொல்கிறான்.)

லூப் என்றதும் ஞாபகம் வருகிறது. உன் லூப்பைச் சுத்தமான வட்டமாக மாற்றினால் அழகாக இருக்கும் என்று யாரோ சொன்னார்களாமே, தயவுசெய்து காதில் போட்டுக்கொள்ளாதே. வட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அடியில் உணரும் விசைக்கும் உச்சியில் உணரும் விசைக்கும் வித்தியாசம் 6 ஜி. உச்சியில் எடையற்று மிதந்தால் அடியில் 6 ஜி, அதுவும் நுழைந்த கணத்திலேயே மேலே வந்து விழும். 1895-இல் நியூயார்க்கின் கோனி தீவில் ஃபிளிப் ஃபிளாப் என்று வட்ட லூப் ஒன்றைக் கட்டி, ஏறியவர்களின் கழுத்தைப் பதம் பார்த்தார்கள். 1976-இல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுன்டன் பூங்காவில் கோஸ்டர் கட்டுபவரான ஆன்டன் ஷ்வார்ஸ்கோப்ஃபும் ஸ்டெங்கலும் சேர்ந்து கொண்டுவந்த ரெவல்யூஷன் என்ற கோஸ்டரில்தான் கிளாத்தாய்டு லூப் வந்தது: அடியில் ஆரம் பெரிது, மேலே போகப்போகச் சிறிது. உன் லூப்பும் அந்தத் துளி வடிவில்தான் இருக்கிறது, அடியில் 4 ஜி-யைத் தாண்டவில்லை. அதில் கை வைக்காதே.

முதலில் அந்த நேர்த்துண்டை நீட்டு. நீட்டினால் உராய்வு கூடும், பின்னால் வரும் மேடுகளில் வேகம் கொஞ்சம் குறையும், ஆகவே இரண்டாவது மேட்டை அதற்கப்புறம் முடிவு செய். பிரேக் வரும் கடைசிப் பகுதியை நான் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தனியாக எழுதுகிறேன். என் மரக் கோஸ்டர் ஃபைலையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சீட், நொடி சொல்லித் திட்டு.

அன்புடன்,
உன் நண்பன்