பேத்தியின் வயிற்றைப் பற்றி மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

குழந்தை நான்கு நாளாக வெளிக்குப் போகவில்லை என்று நீ பதறி எழுதியிருந்தாய். முதல் மாதத்தில் பால் குடித்த கையோடு வெளிக்குப் போய்க்கொண்டிருந்த குழந்தை, தாய்ப்பால் மட்டுமே குடிப்பதாக இருந்தால், ஆறு வாரத்துக்குப் பிறகு ஒரு வாரம் வரைகூடப் போகாமல் இருப்பது உண்டு. உன் மகளுக்கு இப்போது இரண்டு மாதம் முடிந்துவிட்டது. நன்றாகக் குடித்து, நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவந்து, போகும்போது மலம் இளகலாகவே இருக்குமானால், அது மலச்சிக்கல் அன்று. பிறந்து இரண்டு மூன்று வாரமேயான குழந்தை இப்படி இருந்தால்தான் பால் போதவில்லையோ என்று பார்க்க வேண்டும்.

மருமகள் வேலைக்குத் திரும்பியதும் இடையிடையே புட்டிப்பால், அதாவது பவுடர் பால், கொடுக்கப்போவதாகச் சொன்னாய்; அப்போது இந்தக் கணக்கு செல்லாது. இதுவரை கடுகை அரைத்துக் கரைத்தாற்போல் மஞ்சளாக, சிறு திப்பிகளோடு, அதிக நாற்றமின்றி இருந்த மலம், பழுப்பேறிக் கெட்டிப்படும், நாற்றமும் கூடும். பவுடர் பால் பெரும்பாலும் பசும்பாலிலிருந்து செய்யப்படுவது. பசும்பாலில் மிகுதியாக உள்ள கேசீன் என்னும் புரதம் வயிற்றில் கெட்டியாகத் திரள்கிறது, தாய்ப்பாலோ மென்மையாகத் திரண்டு விரைவில் இறங்கிவிடுகிறது. எனவே புட்டிப்பால் தொடங்கிய பின் நான்கு நாள் இடைவெளி விழுந்தால் மருத்துவரிடம் கேட்டுவிடு. அளவுக்கரண்டியைத் தலைதட்டியே போடு. பசி தாங்கட்டும் என்று குவித்துப் போடுபவர்களின் எண்ணம் நல்லதுதான். ஆனால் தண்ணீருக்கு மிஞ்சிய பவுடர் மலத்தை இறுக்கிவிடும், முக்கி அவதிப்படுவது குழந்தை.

முகம் சிவக்க முக்கி, கொஞ்ச நேரம் அழுது, பிறகு இளகலாகவே போனால் கவலை வேண்டாம்; வயிற்றை இறுக்கும்போதே ஆசனவாயைத் தளர்த்த வேண்டும் என்பது அதற்கு இன்னும் பழகவில்லை. உதவுவதாக நினைத்து அங்கே எதையும் நுழைக்காதே. ஆறு மாதத்துக்குள் தண்ணீரும், ஒரு வயதுக்குள் தேனும் கூடாது, யார் சொன்னாலும்.

பச்சையாகப் போனால் பயப்படாதே. ஆனால் சுண்ணாம்புபோல் வெளுத்துப் போனால், பித்தநீர் குடலுக்கு இறங்கவில்லை என்று பொருள். அன்றே காட்டியாக வேண்டும். மலத்தில் இரத்தம் கண்டாலோ, வயிறு உப்பிப் பச்சையாக வாந்தியெடுத்தாலோ, இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா