குளத்தைப் பற்றிக் கேட்டால் மதத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்க் குளத்தில் மண் கொட்டி நிரப்புவதைக் கண்டித்து நாங்கள் நடத்திய ஆர்ப்பாட்டம் பற்றி சென்ற வாரம் உங்கள் நாளிதழில் செய்தி வந்தது. சந்தோஷம். ஆனால் தலைப்பில் ‘வாக்குவாதம்’, உள்ளே ‘பரபரப்பு’, ‘தள்ளுமுள்ளு’. எந்தக் குளம், யார் மண் கொட்டுகிறார்கள், மனுவில் என்ன கேட்டோம் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. வம்பு பண்ண வந்த நாலு பேருக்கு வேண்டியிருந்ததும் அதுதான், பைசா செலவில்லாமல் கிடைத்துவிட்டது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எந்தப் பிரச்சினையை எடுத்தாலும் மூன்றாம் நாள் அது மதமாகிவிடும். டாரஸ் லாரிகளில் மலையை உடைத்து கேரளாவுக்குக் கொண்டுபோகிறார்களே என்றாலும் சரி, 2016-ல் இனயம் கடற்கரையில் துறைமுகம் கட்டும் திட்டம் என்றாலும் சரி, கிள்ளியூர் தாலுகாவில் 1144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டம் என்றாலும் சரி, முதல் கேள்வி ‘நீ எந்தச் சபை, எந்தக் கோயில்’, அடுத்த கேள்வி ‘எவன் பணம் தாரான்’. 1982-ல் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட மண்டைக்காடு கலவரத்தைப் பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அந்தப் பேச்சை லேசாக எடுத்தாலே பெரியவர்கள் கூட்டத்திலிருந்து எழுந்து போய்விடுவார்கள் என்பது சீண்ட வருகிறவனுக்கு நன்றாகவே தெரியும்.

எங்கள் குழுவில் ஓர் அண்ணன், வாழை விவசாயி, இந்து. பக்கத்து ஊர் சர்ச் திருவிழாவுக்குப் போனவர், பங்குத்தந்தை பக்கத்தில் நின்று எடுத்த போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்திருந்தார். அதை வெட்டி எடுத்து, ‘சம்பளம் வாங்கும் காட்சி’ என்று எழுதி, ராத்திரி பதினொரு மணிக்கு எவனோ ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். காலையில் அது இரட்டை அம்புக்குறியோடு எங்களுக்கே திரும்பி வந்தது, அதாவது குறைந்தது ஐந்து கையாவது மாறி. அண்ணனின் மனைவி போனை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘சம்பளம் வந்திருந்தா உரக்கடை பாக்கிய முதல்ல குடுத்திருக்கலாம்லா’ என்றாராம்.

நாங்கள் அவனுக்குப் பதில் எழுதவில்லை. எழுதினால் அவன் ஒன்று சொல்வான், நாம் ஒன்று சொல்வோம், மத்தியானத்துக்குள் குளம் காணாமல் போய் அண்ணனின் சாதியும் கோயிலும்தான் மிச்சம் இருக்கும். குழுவில் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே, அவர்களுக்காக ஒரே ஒரு பதிவு போட்டோம்: தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய, குளத்தின் சர்வே எண்ணும் பரப்பும் உள்ள காகிதம், திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்த ரசீது. அப்புறம் அவன் என்ன எழுதினாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதோடு சரி.

இதற்காக எதிர்த்துப் பேசுகிற எல்லாரையும் ‘கைக்கூலி’ என்று முத்திரை குத்துவதும் எனக்குப் பிடிக்கவில்லை, எங்கள் ஆட்களிலேயே சிலர் அதைச் செய்கிறார்கள். லாரி ஓட்டிப் பிழைக்கிறவர் ‘வண்டி நின்னா என் பிள்ளைக்கு யாரு சோறு போடுவா’ என்று கத்தினால் அது வம்பு இல்லை, நியாயமான கேள்வி. அவரிடம் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து பேசலாம்.

ஆர்ப்பாட்டத்தன்று நேரிலும் இதே கூத்துதான். ஊரில் யாருக்கும் தெரியாத ஒருவன் நடுவில் புகுந்து ‘லாரி கண்ணாடிய உடைங்கலே, என்னலே பாத்துட்டு நிக்கிய’ என்று கத்தினான். ஒரு கல் பறந்தால் போதும், எப்.ஐ.ஆரில் ‘மற்றும் பலர்’ என்று எழுதி ஊரையே உள்ளே தள்ளிவிடலாம். கூடங்குளம் போராட்டத்தில் தேசத்துரோக வழக்கு வரை போட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் நாம். அவனை யாரும் பிடிக்கப் போகவில்லை. மைக்கில் இருந்த அக்கா ‘எல்லாரும் அப்படியே தரையில உக்காருங்க மக்களே’ என்றார். கொதிக்கிற தார் ரோட்டில் பாட்டிமார் உட்பட அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். நின்றது அவனும் கூட வந்தவர்களும் மட்டும்தான், யார் எவர் என்று போலீசுக்கே தெரிந்துபோயிற்று. இரண்டு போனில் தொடக்கம் முதல் கடைசி வரை வெட்டாமல் வீடியோ இருக்கிறது. உங்கள் செய்தியில் வந்த தள்ளுமுள்ளு அதில் எங்கும் இல்லை.

பெண்களுக்கு வருவது வேறு ரகம். மார்பிங் படம், வீட்டு விலாசம், ‘ராத்திரி தனியா வருவேல்லா’ என்ற மிரட்டல். இதற்கு மட்டும் பொறுமை கூடாது. லிங்க், தேதி, ஸ்கிரீன்ஷாட்டோடு சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுத்துவிட வேண்டும். இப்படிப்பட்ட படத்தைப் பற்றிப் புகார் வந்தால் சமூக ஊடக நிறுவனங்கள் 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளிலேயே கெடு வைத்தார்கள், 2026-ல் அதை இரண்டு மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். மற்றபடி திட்டியதற்கெல்லாம் கேஸ் போடுங்கள் என்று நான் கேட்கவே மாட்டேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், இணையத்தில் எழுதியதற்கே கைது செய்யும் 66ஏ பிரிவு இருந்தபோது தலைவர்களைக் கிண்டலடித்தவர்களைத்தான் தூக்கினார்கள். 2015-ல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது நல்லதாயிற்று, இல்லையென்றால் முதலில் உள்ளே போயிருப்பது எங்களைப் போன்றவர்கள்தான்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். இனி இந்த மாதிரிச் செய்தி போடும்போது, கத்தியவன் கத்தியதைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே மனுவில் என்ன இருந்தது, அதற்கு அதிகாரி என்ன பதில் சொன்னார் என்று இரண்டு வரி சேருங்கள். மனு நகலும் வீடியோவும் எங்களிடம் இருக்கின்றன, உங்கள் செய்தியாளர் எப்போது வந்தாலும் தருகிறோம்.

இப்படிக்கு,
குளம் மீட்பில் இருக்கும் வாசகர் ஒருவர்,
கல்குளம் தாலுகா, கன்னியாகுமரி மாவட்டம்.