பெற்றோர் கூட்டத்தை வெள்ளிக்கிழமை சாயங்காலம் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளைப் படிக்க வைப்பது எப்படி என்று உங்கள் நாளிதழில் வந்த யோசனைகளை என் மகள் சத்தமாக வாசித்துக் காட்டினாள். தனி அறை வேண்டுமாம், மேசை வேண்டுமாம், டிவி சத்தம் கூடாதாம். எங்களுடையது காசிமேட்டில் ஒற்றை அறை ஹவுசிங் போர்டு வீடு. சாயங்காலம் ஆனால் மாமியார் சீரியல் பார்ப்பார். அவரை நான் எங்கே அனுப்புவது?

நான் மீன் விற்பவள், ஐந்தாவதோடு நின்றவள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து துறைமுகத்தில் ஏலம் எடுத்து, தண்டையார்பேட்டையில் தெருவோரம் உட்கார்ந்து விற்று முடித்து வீடு வர மதியம் ஒரு மணி ஆகிவிடும். வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். போனால் பத்து நாள் கடல்தான்.

மகள் எட்டாவது படிக்கிறாள். ரொம்ப நாள் அவளை மிரட்டித்தான் படிக்க வைத்தேன். "படிக்கலன்னா என்னை மாதிரி கூடை தூக்க வேண்டியதுதான்" என்பேன். ஒரு நாள் திருப்பிக் கேட்டாள்: "அப்ப நீ செய்யறது அசிங்கமான வேலையாம்மா?" எனக்கு வாய் வரவில்லை. அன்றோடு அந்தப் பேச்சை விட்டேன். (அடிப்பதை அதற்கு முன்பே விட்டுவிட்டேன் என்றும் எழுதச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் அவள்தான். எழுத மாட்டேன் என்கிறாள். பொய்யாம்.)

அதற்குப் பிறகு கணக்கு நோட்டை அவளிடம் கொடுத்தேன். பள்ளியில் அப்போது லாப சதவீதம் நடந்துகொண்டிருந்தது, அவளுக்கு மண்டையில் ஏறவில்லை. அன்றைக்கு ஒரு கூடை சங்கரா 2,400 ரூபாய்க்கு எடுத்து 3,100-க்கு விற்றிருந்தேன். 700 ரூபாய் லாபம், 29 சதவீதம் என்று பெருமையாகப் போட்டாள். "ஐஸ் யாருடி சும்மா குடுத்தா? ஆட்டோக்காரன் உன் மாமனா?" என்றேன். ஐஸ் 60, ஆட்டோ 150. சேர்த்துப் போட்டால் கையில் நின்றது 490 ரூபாய்தான். சதவீதம் பத்தொன்பதைக்கூடத் தொடவில்லை. எனக்குச் சதவீதம் போடத் தெரியாது. ஆனால் தப்பு எங்கே என்று தெரிந்தது. இப்போது தினமும் நோட்டு எழுதுகிறாள். நான் எதையாவது விடுகிறேனா என்று என்னையே குறுக்குக் கேள்வி கேட்கிறாள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அவள் அப்பா வீட்டில் இருப்பார். வலை சரிபார்த்துக்கொண்டே பாடத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். காற்று பற்றிய பாடம் வந்தால் வாடைக்காற்று, கச்சான்காற்று என்று இவர் வாத்தியாராகிவிடுவார். ஆனால் அவருக்கு வருமானம் நிற்பதும் அப்போதுதான். தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு டியூஷன் நிற்பதும் அப்போதுதான்.

நான் எழுத வந்தது வேறு. பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் காலை பத்தரை மணிக்கு வைக்கிறார்கள். மீன் விற்கிற நேரம் அது. விட்டுவிட்டு வந்தால் ஐஸ் கரைந்துவிடும். மூன்று கூட்டத்துக்கு நான் போகவில்லை. "உங்க வீட்ல அக்கறையே இல்ல" என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்களாம். பிள்ளை அழுதுகொண்டு வந்தாள். பள்ளியின் பெயர் வேண்டாம், டீச்சரும் நல்லவர்தான்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும், குழுவில் பாதிப் பேர் பெண்கள் என்று, எங்கள் மொட்டை மாடியில் இல்லம் தேடிக் கல்வி வகுப்பு எடுத்த பெண் சொன்னாள். அப்படியானால் கூட்டம் எங்களுக்குத்தானே? எங்களால் வர முடிகிற நேரத்தில் வைத்தால் என்ன?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வையுங்கள். அன்றைக்கு வியாபாரமே மந்தம். காசிமேட்டில் மீன்காரம்மா பிள்ளைகள் படிக்கிற எல்லாப் பள்ளிக்கும் இது பொருந்தும். புரட்டாசி மாதம் என்றால் கேட்கவே வேண்டாம், எந்த நாள், எந்த நேரம் கூப்பிட்டாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு மீன் வியாபாரி,
காசிமேடு, சென்னை-13